லற்றோப் பள்ளத்தாக்கு: எங்கள் வீட்டுக் கரண்ட் வரும் வழி

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆம் திகதி. பகல் 2 மணி தாண்டியிருக்கும். டண்டினோங் பக்கத்தில் உள்ள ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வாளி மூடி அடிக்கும் மெசினில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று மெசின் மூச்சடங்கிப் போனது. மேலே லைற் இல்லை, காற்றாடி இல்லை. எந்த நேரமும் காதைக் கிழிக்கும் அந்த மண்டபத்தில் முதன்முறையாக மனிதர் பேசும் சத்தம் கேட்டது.

பிளாஸ்ரிக் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் நின்றால் உருகியிருந்த பிளாஸ்ரிக் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். அதைச் சுரண்டி எடுத்து மெசினைத் திரும்ப ஓட்டப் பல மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு சுப்பவைசர் வந்து, கஷுவல்காரர் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். போகலாம் என்றால் மிச்ச நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்று அர்த்தம். வெளியே மரக்கொப்புகள் தெருவெல்லாம் முறிந்து கிடந்தன. சந்திகளில் சிக்னல் விளக்குகள் செத்துப் போயிருந்தன. நடந்தே வீட்டுக்கு வந்தால், றைஸ் குக்கருக்குள் பாதி வெந்த சோற்றோடு மனைவி நிற்கிறா. மகள் ஐபாட்டில் சார்ஜ் இல்லை என்று அழுகிறாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் சுவிச் இருந்தது, பல்ப் இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், மூடியில் ஒரு திரி. அந்தச் சிக்கன விளக்கில்தான் அ, ஆ எழுதப் படித்தேன். பிறகு வன்னிக்கு இடம்பெயர்ந்தோம். அங்கே கரண்ட் என்ற பேச்சே இல்லை. ஓஎல் பரீட்சையோடு என் படிப்பும் நின்றது. இங்கே வந்த முதல் நாள் இரவு, படுக்கும் அறையின் சுவிச்சை நாலைந்து தரம் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது. ஆனால் பதினொரு வருடமாக அந்தச் சுவிச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பில் வரும்போது மட்டும் யோசித்தேன்.

அன்று பின்னேரம் மோவெலில் இருக்கும் என் சகலன் போன் எடுத்தார். மனைவியின் அக்காவின் கணவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, லோய் யாங் நிண்டுட்டுதாம். உங்கடை பக்கம் கரண்ட் இருக்கோ?"

"லோய் யாங் எண்டா என்ன அண்ணை? சீனாக் கடையோ?"

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. லோய் யாங் என்பது விக்ரோறியா மாநிலத்தின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம். அன்றைய புயலில், மெல்பேணுக்கு மேற்கே அனாக்கி என்ற இடத்தில் ஆறு பெரிய மின்கம்பிக் கோபுரங்கள் சரிந்து விழுந்தன. அந்த அதிர்ச்சியில், நகரத்தின் மறுகரையில் கிழக்கே இருக்கும் லோய் யாங் 'ஏ' நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மெசின்கள் எல்லாம் தாமாகவே நின்றுவிட்டன. மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 530,000 வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்ட் போனது. உண்மையைச் சொன்னால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கரண்ட் போனது மரம் விழுந்து தெருக்கம்பி அறுந்ததால்தான். லோய் யாங்கின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பெயர் என் மனதில் ஒட்டிக்கொண்டது.

சகலன் போனை வைக்கும்போது வழமையாகச் சொல்வதையும் சொன்னார். "இஞ்சை வாங்கோவன். நீங்கள் அங்கை குடுக்கிற வாடகையிலை இஞ்சை தனி வீடு எடுக்கலாம். பிள்ளையளுக்கு வளவும் இருக்கு."

என் மனைவி அக்காவுக்குக் கிட்டப் போக வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்கிறா. மோவெல், மோயி, ட்ரரல்கன் ஆகிய ஊர்களுக்கு வீடு பார்க்கப் போகும் எம்மவர் குடும்பங்கள் இப்போது கூடிவருகின்றன. வாடகை மலிவு என்பது உண்மை. ஏன் மலிவு என்று கேட்க வேண்டும் அல்லவா? அந்த யூலை பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய் நாலு நாள் நின்றோம். பார்த்ததையும், கேட்டதையும், பிறகு தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கரியைத் தேடிப் போன ஊர்

டண்டினோங் நிலையத்தில் கிப்ஸ்லாண்ட் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மோவெல். (புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்தி: 2023 மார்ச் 31 முதல், வெளியூர் ரயிலுக்கும் ஒரு நாள் கட்டணம் மெல்பேண் நகர ரயிலின் நாள் கட்டணத்தைத் தாண்டாது. சனி ஞாயிறில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வர நல்ல வசதி.) மோயி தாண்டியதும் இடது பக்கம் வெள்ளை வெளேரென்று மேகம்போல் எழும்பிக்கொண்டிருந்தது. "அப்பா, நெருப்புப் பிடிச்சிட்டுது!" என்று மகள் கத்தினாள். அது யலோன் மின்நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்களிலிருந்து வரும் நீராவி. புகை வேறு. அது உயரமான புகைபோக்கி வழியாகப் போகும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

யலோன் என்ற பெயர், அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் சொற்களில் 'பழுப்பு', 'நெருப்பு' இரண்டையும் சேர்த்து வைத்தது என்கிறார்கள். அந்த நிலம் குனாய்குர்னாய் மக்களுடையது. பெயர் பொருத்தமானதுதான். நிலத்துக்கு அடியில் கிடப்பது பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டுவதும் இதே இனம்தான். கறுப்பு நிலக்கரியைப்போல் கல்லாக இருக்காது. சகலன் ஒரு துண்டு கொண்டுவந்து வைத்திருக்கிறார். கையில் எடுத்தால் பாரமில்லை, உக்கிய மரக்கட்டைபோல் உதிர்கிறது. வெட்டியெடுத்த கையோடு நிறுத்துப் பார்த்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்!

இந்தத் தண்ணீரை விளங்கிக்கொண்டால் அந்தப் பள்ளத்தாக்கின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

மூன்று லொறி கரி ஏற்றினால் அதில் இரண்டு லொறி தண்ணீர். அதைத் தூர இடத்துக்குக் கொண்டுபோய் எரிக்கக் கட்டுபடியாகுமா? கப்பலில் ஏற்றி விற்க முடியுமா? முடியாது. ஆகவே கரி ஊரைத் தேடிப் போகவில்லை. ஊர் கரியைத் தேடிப் போனது. மின்நிலையத்தைக் குழியின் வாயிலேயே கட்டினார்கள். தொழிலாளருக்கு வீடு கட்டினார்கள். குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும் என்று ஆற்றை மறித்தார்கள். வெட்டுகிற இடத்துக்குக் குறுக்கே ஆறு வந்தபோது ஆற்றையே நகர்த்தினார்கள்! மெல்பேணுக்குப் போனது கம்பி வழியே கரண்ட் மட்டும்.

நம் நாட்டு நுரைச்சோலையை நினைத்துப் பாருங்கள். 2011 இல் முதல் மெசின் ஓடத் தொடங்கிய அந்த நிலையத்துக்குக் கரி முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இறக்க முடியாது. அந்த மாதங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே குவித்து வைக்க வேண்டும். லற்றோப் பள்ளத்தாக்கில் கப்பலும் இல்லை, குவியலும் இல்லை.

குவியல் ஏன் இல்லை என்பதை ட்ரரல்கனுக்குத் தெற்கே ஒரு மேட்டில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. சகலன் காரை ஓரமாக விட்டார். கீழே லோய் யாங் குழி. எங்கள் ஊர், பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர் எல்லாவற்றையும் தூக்கி உள்ளே வைக்கலாம்போல் இருந்தது. அடியில் விளையாட்டுச் சாமான்மாதிரி ஒரு மெசின். பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள். சக்கரம் மெல்லச் சுழலச் சுழல ஒவ்வொரு வாளியும் கரிச்சுவரைச் சுரண்டிப் பின்னால் உள்ள பெல்ற்றில் கொட்டுகிறது. பக்கத்தில் ஒரு ட்ரக் எறும்புபோல் நின்றதைப் பார்த்த பிறகுதான் அதன் உயரம் தெரிந்தது. பெல்ற் குழியிலிருந்து ஏறி, மின்நிலையத்துக்கு அருகில் ஒரு பெரிய கூட்டுக்குள் கரியைக் கொண்டுபோய்ப் போடுகிறது. அந்தக் கூடு நிறைந்திருந்தாலும் ஒரு நாளுக்கும் குறைவான நேரத்துக்குத்தான் காணும். பழுப்புக் கரி காய்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் மலையாகக் குவித்து வைப்பதில்லை. இரவு, பகல், கிறிஸ்மஸ், புதுவருடம் எதுவும் கிடையாது; சக்கரம் சுழல வேண்டும், பெல்ற் ஓட வேண்டும். நானும் ஒரு பெல்ற்றுக்கு முன்னால் நிற்பவன். பெல்ற் நிற்கும்போது எல்லோர் முகத்திலும் வரும் பதற்றம் எனக்குத் தெரியும். அங்கே நின்றால் பாதி மாநிலத்துக்கு அந்தப் பதற்றம்.

பொய்லருக்குள் போகும் முன் கரியைத் தூளாக்க வேண்டும், காயவைக்கவும் வேண்டும். அதற்கு அடுப்பிலிருந்தே கொதிக்கும் புகையை இழுத்து அரைக்கும் மெசினுக்குள் விடுகிறார்கள். கரியின் சூட்டில் ஒரு பங்கு அதன் சொந்தத் தண்ணீரை விரட்டவே போய்விடுகிறது. அதனால் ஒரு யுனிற் கரண்ட் எடுக்க ஒரு கிலோவுக்கும் மேல் கரி எரிய வேண்டும். ஒரு கிலோவுக்கும் மேல் கரியமிலவாயு வானத்துக்குப் போகிறது. அடுத்த பில் வரும்போது யுனிற் கணக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 14 யுனிற். எல்லாமே பழுப்புக் கரியிலிருந்து வருகிறது என்று வைத்தால், தினமும் ஓர் அரிசி மூட்டை அளவு ஈரக்கரியை நான் எரிக்கிறேன். இப்போது காற்றாலையும் சூரிய ஒளியும் கூடிவருகின்றன. ஆனாலும் விக்ரோறியாவின் கரண்டில் பெரும்பங்கு இன்னும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் வருகிறது.

வேலைநிறுத்தமும் ஒரு ஜெனரலும்

இவ்வளவு ஈரமான கரியை ஏன் தொட்டார்கள்? வேறு வழியில்லாமல்தான். நூறு வருடத்துக்கு முன்பு விக்ரோறியாவுக்கு நல்ல கறுப்புக் கரி நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் இங்கே ரயிலும் இல்லை, விளக்கும் இல்லை. அடுத்தவன் கையை எதிர்பார்த்திருக்க முடியாது என்று மாநில மின்சார ஆணைக்குழுவை அமைத்தார்கள். எல்லோரும் எஸ்இசி என்றே சொல்வார்கள். 1921 இல் அதன் தலைவராக வந்தவர் சேர் ஜோன் மொனாஷ். முதலாம் உலகப்போரில் பெயரெடுத்த ஜெனரல், தொழிலால் எஞ்சினியர். க்ளேற்றனில் உள்ள பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. இவரும் பிரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை.

1924 இல் யலோனிலிருந்து மெல்பேணுக்குக் கரண்ட் வந்தது. அதற்குள் மொனாஷ் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆற்றுக்கு வடக்கே இருந்த பழைய வெட்டின் கரியை நம்பி பொய்லர் கட்டினார்கள். புதிய வெட்டில் வந்த கரியோ அதைவிட ஈரம். ஜேர்மனியில் பழுப்புக் கரி எரித்துப் பழகியவர்களின் அறிவையும் இயந்திரங்களையும் கொண்டுவந்துதான் சமாளித்தார்கள். கரியைக் காயவைத்து அமுக்கி செங்கல்போல் செய்யும் வித்தையும் அங்கிருந்தே வந்தது. பிரிக்கெற் என்று பெயர். மெல்பேணில் பழைய ஆட்களைக் கேட்டால், குளிர்காலத்தில் அதை எரித்த கதை சொல்வார்கள்.

ஆறு சும்மா இருக்கவில்லை. 1934 டிசம்பரில் லற்றோப் ஆறு பெருகி யலோன் வெட்டை நிரப்பியது. 2007 நவம்பரில் குழியின் ஒரு சுவர் சரிந்து அதே ஆறு உள்ளே இறங்கியது. மோவெல் ஆற்றின் கதை இன்னும் விசித்திரம். அதைப் பல தடவை இடம் மாற்றினார்கள். கடைசியில் 2005 இல், இரண்டு வெட்டுகளுக்கு நடுவே மண் அணை கட்டி, அதன்மேல் ஆற்றை ஓடவிட்டு, அடியில் சுரங்கப்பாதை வைத்துக் கரி பெல்ற்றை விட்டார்கள். மேலே ஆறு, கீழே கரி! 2012 யூனில் பெருமழைக்கு அந்த அணை உடைந்தது. பெல்ற் பாதையெல்லாம் வெள்ளம். நான்கு மெசினில் ஒன்றைத்தான் ஓட்ட முடிந்தது. 2021 யூனில் திரும்பவும் மழை, திரும்பவும் வெடிப்பு. இம்முறை உடையமுன் பிடித்துவிட்டார்கள், ஆனால் மாநில அரசு மின்சார அவசரநிலை அறிவிக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட தூரத்தில் எரிபொருள் இருந்தாலும், ஒரு மழை போதும் அடுப்பு அணைய.

முன்னால் வந்த அகதிகள்

மோவெலில் சகலன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயோதிபர் இருக்கிறார். எஸ்இசியில் ஃபிற்றராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலியில் சாய்ந்துகொண்டு மணிக்கணக்கில் பேசுவார். அவருடைய தகப்பன் லத்வியா நாட்டவர். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜேர்மனியில் அகதி முகாமில் கிடந்தவர். அப்படிக் கிடந்தவர்களில் ஏறக்குறைய 170,000 பேரை 1947 முதல் சில வருடங்களில் அவுஸ்திரேலியா எடுத்தது. இலவசமாக அல்ல. இரண்டு வருடம் அரசாங்கம் சொல்லும் இடத்தில், சொல்லும் வேலை செய்ய வேண்டும். அப்படிச் சொல்லப்பட்ட இடங்களில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. அவர்களுக்குப் பின்னால் ஒல்லாந்தர், இத்தாலியர், மோல்ராக்காரர் எனப் பலர் வந்தார்கள். மோவெலில் ஒரு குடிவரவுப் பூங்கா இருக்கிறது, சுவர் நிறையப் பெயர்கள். எங்கள் வாய்க்குள் நுழையாத பெயர்கள். எங்களுடையதும் அவர்களுக்கு அப்படித்தான்.

"அப்பாவுக்கு இங்கிலிஷ் பத்துச் சொல் தெரியும். அதில் ஆறு கெட்ட சொல்," என்றார் அவர்.

என் சகலனும் அந்த மாதிரித்தான் இங்கே வந்தார். சேஃப் ஹேவன் விசா கிடைத்தவர்கள் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், நகருக்கு வெளியே மூன்றரை வருடம் வேலை செய்ய வேண்டும் அல்லது படிக்க வேண்டும் என்று இருந்த காலம். மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை எடுத்து வந்தார். 2023 பெப்ரவரியில் அரசாங்கம் அந்த விசாக்காரருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. அதற்குள் பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

வயோதிபர் பிறந்த ஊர் யலோன். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். இல்லை என்றார். ஊரே இல்லை! எஸ்இசி 1920களில் தோட்டங்களும் மரவீதிகளுமாகக் கட்டிய அழகான ஊர் அது. அடியில் கரி இருந்தது. 1980களின் தொடக்கத்துக்குள் முழு ஊரையும் அகற்றிவிட்டு வெட்டினார்கள். வீடுகள் பலவற்றை லொறியில் ஏற்றி வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். "நான் படித்த பள்ளிக்கூடத்தை நீ உன் ரீவியில் எரித்திருப்பாய்," என்று பகிடியாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூரையை நாங்கள் விட்டு வந்ததும் எனக்கு நினைவு வந்தது.

1977 இல் இங்கே பராமரிப்புத் தொழிலாளர் 11 வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, மெல்பேண் தொழிற்சாலைகள் வரிசையாக மூடி, வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பின. அவரும் அதில் நின்றவர். அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் இடத்தில்தான் இன்று நான் நிற்கிறேன் என்று சொன்னேன். தோளில் தட்டினார்.

1990களில் மாநில அரசு எஸ்இசியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வீட்டு விலை விழுந்தது அப்போதுதான். மலிவு வாடகையின் வேர் அங்கே இருக்கிறது.

புகைக்காலம்

மோவெலின் தெற்குக் கரையில், வீடுகளுக்கு மிக அருகில் ஹேசல்வூட் குழி. 2014 பெப்ரவரி 9 ஆம் திகதி காட்டுத்தீயின் நெருப்புப் பொறிகள் அந்தக் குழிக்குள் விழுந்தன. காய்ந்த கரிச்சுவர் பற்றியது. 45 நாள் எரிந்தது! ஊரின்மேல் சாம்பலும் புகையும். வயோதிபரின் மனைவி கதவிடுக்குகளில் ஈரத்துவாய் செருகி வைத்தாவாம். காலையில் எடுத்தால் கறுப்பு. மூன்றாவது கிழமைதான், முதியோரும் கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் தெற்கு மோவெலை விட்டுத் தற்காலிகமாகப் போகலாம் என்று அதிகாரிகள் ஆலோசனை சொன்னார்கள். அரசாங்கம் விசாரணைக்குழு வைத்தது. 2015 இல் அதைத் திரும்பவும் திறந்து விசாரித்தபோது, அந்த வருடம் அப்பகுதியில் மரணங்கள் கூடியதற்கு இந்தத் தீயும் காரணமாக இருந்திருக்கலாம் என்று குழு முடிவு சொன்னது.

2017 மார்ச் கடைசியில் ஹேசல்வூட் மின்நிலையம் மூடப்பட்டது. ஐம்பது வருடப் பழையது, நாட்டிலேயே அதிகம் புகை தள்ளியவற்றில் ஒன்று. அறிவித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஏறக்குறைய 750 பேருக்கு வேலை போனது. 2020 மே 25 ஆம் திகதி அதன் எட்டுப் புகைபோக்கிகளையும் வெடிவைத்து விழுத்தினார்கள். சகலன் பிள்ளைகளோடு ரீவியில் பார்த்தாராம். வயோதிபர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லையாம்.

அடுத்தது யலோன். 2028 நடுப்பகுதியில் மூடுவதாக 2021 இல் அறிவித்தார்கள். லோய் யாங் 'ஏ' 2035 இல் என்று 2022 இல் அறிவித்தார்கள். கரியமிலவாயுவை நினைத்தால் மூடத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. என் மகள் இந்த நாட்டில் இன்னும் அறுபது எழுபது கோடைகாலம் இருக்கவேண்டியவள். ஆனால் ஐந்து மாதத்தில் சொல்லி மூடுவது வேறு, ஏழு வருடம் முன்னால் சொல்லி மூடுவது வேறு. இதை மின்நிலையத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என் தொழிற்சாலையிலும் எங்களுக்கு இரண்டு கிழமை அறிவித்தல்கூட இல்லாமல் ஒரு பகுதியை மூடியிருக்கிறார்கள்.

குழிகளை என்ன செய்வது என்பது பெரிய வழக்கு. தண்ணீர் விட்டு ஏரியாக்கலாம் என்கிறார்கள். ஹேசல்வூட் குழி ஒன்றை நிரப்பவே சிட்னி துறைமுகத்தில் உள்ளதைவிடக் கூடுதலான தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரும் அதே லற்றோப் ஆற்றுப் பக்கமிருந்துதான் வரவேண்டும். கீழே விவசாயிகள் இருக்கிறார்கள், அதற்கும் கீழே கிப்ஸ்லாண்ட் ஏரிகளில் மீன்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

போவதா, நிற்பதா?

வீடு பார்க்கப் போகும் உறவுகளுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். மின்நிலையத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே உள்ளவை பெரும்பாலும் தொழில் பத்திரம் உள்ளவர்களுக்கான வேலைகள், அவையும் குறைந்துகொண்டே போகின்றன. மரிவேல் கடதாசி ஆலையிலும் 2023 இல் வெள்ளைக் கடதாசி செய்வதை நிறுத்திவிட்டார்கள். மரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பண்ணை, பொதி செய்யும் இடங்கள் ஆகியவற்றில்தான் எம்மவர் வேலை எடுக்கிறார்கள். கரண்ட் தொழில் முற்றாகப் போய்விடவும் இல்லை. மெல்பேணுக்குப் போகும் பெரிய கம்பிகள் அங்கேதான் இருக்கின்றன. ஹேசல்வூட் இருந்த இடத்தில் 2023 இல் பெரிய பற்றரி நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. கிப்ஸ்லாண்ட் கடலில் காற்றாலை அமைக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவை எப்போது எத்தனை பேருக்கு வேலை தரும் என்பதை வந்த பிறகு பார்ப்போம்.

இன்னொன்று முக்கியம். அங்கே உள்ள பழைய வீடுகள் பலவற்றில் அஸ்பெஸ்ரஸ் தகடு இருக்கும். மின்நிலையங்களிலும் சூடு காக்க அதைத்தான் சுற்றினார்கள். அதன் தூசியால் வந்த நுரையீரல் நோயில் இந்தப் பள்ளத்தாக்கில் இறந்த தொழிலாளர் மிகப் பலர். வீடு 1990க்கு முன் கட்டியது என்றால் சுவரில் ஆணி அடிக்கவோ, துளை போடவோ, தகட்டை உடைக்கவோ வேண்டாம். முதலில் ஏஜென்ரைக் கேளுங்கள். சாமிப்படம் மாட்டத்தான் என்றாலும்!

நாலாம் நாள் பின்னேர ரயிலில் திரும்பினோம். வயோதிபர் வேலிக்கு மேலால் ஒரு பை எலுமிச்சம்பழம் தந்தார். மனைவி அதை ஊறுகாய் போட்டுப் பாதியைத் திருப்பி அனுப்பினா. உறைப்பு என்றாலும் பாணோடு சாப்பிட்டு முடித்துவிட்டாராம்.

சகலனின் மூத்த மகன் இந்த வருடம் மோவெல் ரேஃபில் எலெக்ற்றிசியன் படிப்பைத் தொடங்கியிருக்கிறான். எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம் பெப்ரவரியில் முடிகிறது. மனைவி இப்போதே பெட்டி எண்ணத் தொடங்கிவிட்டா. நான் அங்கே பண்ணைப் பக்கம் இரண்டு இடத்தில் வேலைக்குப் பதிந்திருக்கிறேன். ஓர் இடத்திலிருந்து, வரும் செவ்வாய்க்கிழமை வந்து பார் என்று செய்தி வந்திருக்கிறது. காலை 6 மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்.